தண்ணீர்ச் சக்கரமும் வெள்ளாயியின் முட்டியும்

ஓடைக்கரைக் காட்டில் வெள்ளாயி என்றொரு கழுதை இருந்தது. காட்டுக்கே தினை அரைத்துக் கொடுப்பது அதன் வேலை. காலையில் கல்லில் கட்டினால் உச்சிப்பொழுதுவரை சுற்ற வேண்டும். சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுக்கும். அதன்பிறகு கழுதை படுத்துவிடும். கழுதை படுத்தால் கல் நிற்கும். கல் நின்றால் கதிர் அறுக்கும் முயல்களும் உமி நீக்கும் குருவிகளும் வேலையைப் போட்டுவிட்டு நிழலுக்குப் போய்விடும்.

ஒருநாள் நரி நல்லதம்பி, ஒரு நீர்நாயைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"ஓடைத் தண்ணியிலேயே கல்லைச் சுத்த வைக்க இவருக்குத் தெரியும். இனிமே நீ சுத்தவே வேணாம், வெள்ளாயி. மகாராணி மாதிரி இருக்கலாம்" என்றது நரி.

"எவ்வளவு அரைக்கும்?" என்று கேட்டது கழுதை.

"நீ ஒருநாள் பூரா அரைக்கிறதை, நீ ஒரு வாய் புல்லு மென்னு முடிக்கிறதுக்குள்ள அரைக்கும்" என்றது நீர்நாய்.

வெள்ளாயிக்கு வாயெல்லாம் பல். சக்கரத்துக்கான மரத்தைக்கூட அதுவே முதுகில் சுமந்துவந்து போட்டது. வேறெதையும் கேட்க அதற்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சக்கரம் சுற்றியது. பொய் சொல்லக்கூடாது, நல்லதும் நடந்தது. பல் போன கரடி மூன்று வேளையும் கஞ்சி குடித்தது. அணில் வீட்டுக் குட்டிகள் அடை தின்று கொழுத்தன.

ஆனால் காட்டுத் தினை முழுவதும் காலையிலேயே அரைந்து தீர்ந்துவிட்டது. "பொழுது சும்மாதானே கிடக்குது, மலைக்கு அந்தப் பக்கத்துத் தினையையும் கொண்டாந்தா என்ன?" என்றது நரி. அந்தப் பக்கத்து மிருகங்களுக்கு மாவு போனது. பதிலுக்கு நரிக்குத் தேனும் கிழங்கும் வந்தன. முயல்கள் மலை தாண்டிப் போய் அறுத்தன, குருவிகள் உமி நீக்கின, வெள்ளாயி மூட்டை சுமந்தது. தண்ணீர் நிற்கவில்லை, அதனால் யாரும் நிற்கவில்லை.

மேடேறி மேடேறி வெள்ளாயியின் முன்னங்கால் முட்டி வீங்கிவிட்டது.

"தம்பி, செத்த நேரம் படுத்து எந்திரிக்கிறேன். இல்லேன்னா இந்தக் காலு போயிடும்."

"சக்கரமே சளைக்காம சுத்துது. உனக்கென்ன?" என்றது நரி.

வெள்ளாயிக்கு அழுகை வந்தது. அழவும் தெம்பில்லை. மறுபடி மலைப்பக்கம் திரும்பி நடந்தது.

மறுநாள் உச்சிவெயிலில், ஒற்றையடிப் பாதையின் நடுவே, மூட்டையோடு மூட்டையாக அது படுத்துவிட்டது. பின்னால் கதிர்க்கட்டோடு வந்த முயல்கள் எட்டிப் பார்த்தன.

"என்னக்கா, முடியலையா?"

"முடியலைடா."

"எங்களுக்கும்தான்" என்று அவையும் பக்கத்தில் சாய்ந்தன. குருவிகள் கிளையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டன.

கொஞ்ச நேரத்தில் சக்கரம் இருந்த பக்கத்திலிருந்து கறகறவென்று சத்தம் கேட்டது. தினை இல்லாமல் கல் கல்லையே அரைத்தது. நரி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தது.

"எந்திரி! கல்லு தேயுது!"

வெள்ளாயி கண்ணைத் திறக்கவில்லை. "கல்லு தேஞ்சதும் ஓடி வர்றே. என் முட்டி தேஞ்சப்போ எங்கே இருந்தே?"

நரி கல் இருந்த பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கூடவே வந்திருந்த நீர்நாய் தலையைச் சொறிந்தது. "வாய்க்காலை அடைச்சா சக்கரம் நின்னுடும். தினமும் உச்சியில அடைச்சுடலாம். அடைக்கச் சொல்லி என்கிட்ட யாரும் கேட்கலையே."

"அப்படி அடைச்சா நாளைக்கு எந்திரிக்கிறேன்" என்றது வெள்ளாயி. நரிக்கு வேறு வழி இருக்கவில்லை, தலையாட்டியது.

அன்றுமுதல் உச்சிக்குமேல் சக்கரம் நின்றது. எல்லாம் தூங்கின. வெள்ளாயியின் முட்டி மட்டும் சரியாகவே இல்லை. கடைசிவரை நொண்டி நொண்டித்தான் நடந்தது.

பாடு குறைக்க ஓர் எந்திரம் வந்தால் வரவேற்கலாம். ஆனால் அது மிச்சம்பிடிக்கும் நேரம் யாருக்கு என்பதை, அது சுற்றத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.