கணக்கு வாத்தியாரும் பிரெய்ல் இயந்திரமும்

“ஏன் டீச்சர் இப்படிப் பூட்டி வைக்கிறாங்க?”

கேட்டவர் சவரிமுத்து. வயது ஐம்பத்தாறு. பார்வையற்ற பெண்கள் படிக்கும் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

அவர் டீச்சர் என்று அழைத்த நூருன்னிசாவுக்கு வயது முப்பத்தொன்று. திண்டுக்கல்லில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் அங்கே வந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார் சவரிமுத்து.

பள்ளியில், தொட்டுப் படிக்கும் பிரெய்ல் புள்ளிகளை அச்சடிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. பழுதில்லை. ஆனால் கணினி சொல்வதை அதற்குப் புரியவைக்கும் ‘டிரைவர்’ நிரல், புதிதாக வந்த கணினிகளில் ஓடவில்லை. மிஞ்சியிருந்த ஒரே பழைய கணினி, ஒரு பக்கம் அடிப்பதற்குள் நாலு முறை அணைந்தது.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மூன்று மாதம். பதினாறு பெண்களிடம் பிரெய்ல் கணக்குப் புத்தகம் இல்லை.

“டிரைவரோட மூல நிரலைக் கொடுங்க, நாங்களே சரி பண்ணிக்கிறோம்னு மெஷின் செஞ்ச கம்பெனிக்கு எழுதினேன். தொழில் ரகசியமாம். போட்டிக் கம்பெனிக்காரன் பார்த்துடுவானாம். புது மெஷின் வாங்கிக்கச் சொல்றாங்க.”

மறுநாள் நூருன்னிசா பள்ளிக்கு வந்தார். பழைய கணினிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே, கணினி அனுப்புவதை எண்களாகக் காட்டும் ஒரு சின்னக் கருவியைச் செருகினார்.

“ஒரு எழுத்து அடிங்க சார்.”

‘அ’ அடித்தார். தாளில் ஒரு புள்ளி விழுந்தது. திரையில் எண்கள் ஓடின.

“இன்னொண்ணு.”

‘ஆ’ அடித்தார். மூன்று புள்ளிகள். எண்களில் ஓர் இடம் மட்டும் மாறியது.

“கம்பெனிகிட்ட கேட்டீங்க. மெஷின்கிட்ட கேட்டீங்களா?”

கருவியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சவரிமுத்து முப்பத்தெட்டு நாள் கேட்டார். எழுத்து எழுத்தாக, எண் எண்ணாக. தெரிந்துகொண்டதை வைத்துத் தானே ஒரு டிரைவர் எழுதினார்.

முப்பத்தொன்பதாம் நாள் புதுக் கணினி சொல்ல, இயந்திரம் அடித்தது. பத்தாம் வகுப்பு மரிய செல்வி தாளின்மேல் விரலை ஓட்டினாள்.

“சார், மூணாவது வரியில ஒரு புள்ளி தப்பு.”

சவரிமுத்துவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

செய்தி பரவி, கரூர்ப் பள்ளி ஒன்று அந்த நிரலைக் கேட்டது. அவர் நூருன்னிசாவிடம் வந்து தயங்கி நின்றார்.

“கொடுக்க மனசு வரலை டீச்சர். அங்கங்கே ஒட்டுப் போட்டு எழுதியிருக்கேன், விஷயம் தெரிஞ்சவன் பார்த்தா சிரிப்பான். எவனாவது தன் பேரைப் போட்டுக்குவான். என் உழைப்பு இல்லையா?”

நூருன்னிசா நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தக் கம்பெனியில சேர்ந்தீங்க சார்?”

சவரிமுத்து அங்கேயே உட்கார்ந்து, ஒட்டுகளோடும் பிழைகளோடும் நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றினார்.

பத்து நாளில் கம்பெனியிலிருந்து ஒருவர் பள்ளிக்கு வந்தார். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் பேசினார்.

“எங்க நிரலைத் திருடி வெளியில விட்டிருக்கீங்க. உடனே எடுத்துடுங்க.”

சவரிமுத்து எழுந்து நின்றார்.

“உங்க நிரலை நான் கண்ணால பார்த்ததுகூட இல்லை. எடுக்க மாட்டேன்.”

“அப்ப கோர்ட்டுல பார்ப்போம்.”

“தாராளமா. என் நிரல் அங்கே திறந்தே இருக்கும். உங்களதையும் பக்கத்துல திறந்து வைங்க. திருட்டு எதுன்னு ஜட்ஜ் படிச்சுப் பார்க்கட்டும்.”