மூன்று முறை 'சரி' சொன்ன முயல்

ஒரு காட்டில் நரி ஒன்று தூதுக் கடை வைத்திருந்தது. நரிக்கு எதற்குக் கடை என்று கேட்காதீர்கள். ஓடியாடி இரை தேடச் சோம்பல். வாயோ கொஞ்சநஞ்ச நீளம் இல்லை. அப்படிப்பட்ட ஆளுக்குக் கடையைத் தவிர வேறு எது சரிப்பட்டு வரும்?

நரியின் பெயர் தளுக்கன். அதனிடம் முப்பது மைனாக்கள் வேலை பார்த்தன. யாருக்காவது சேதி அனுப்ப வேண்டுமா? மைனாவின் காதில் சொன்னால் போதும். அது பறந்து போய், சொன்னவரின் குரலிலேயே, நடுவில் வந்த இருமலும் தும்மலும் உட்பட, அப்படியே ஒப்பித்துவிட்டு வரும். கட்டணம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஐந்து கோரைக்கிழங்கு. கிழங்கு, நண்டு, நாவல்பழம் என்று எது கிடைத்தாலும் தின்கிற வயிறு தளுக்கனுக்கு.

அதே காட்டில் ஓடைக்கரை வளையில் ஒரு முயல் இருந்தது. உட்காருவதும் வெடுக், எழுவதும் வெடுக், பேசுவதும் வெடுக். ஆகவே அதற்கு வெடுக்கி என்றே பெயர் வந்துவிட்டது. காட்டிலேயே நீளமான காது வெடுக்கியுடையதுதான். ஆனால் அந்தக் காதால் அது எதையாவது முழுசாகக் கேட்டதா என்றால், அதுதான் இல்லை.

வெடுக்கிக்கு நான்கு குட்டிகள் பிறந்தன. குண்டுக்கல் கரட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் அக்காவுக்கு இந்தச் சேதியைச் சொல்லாமல் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே தளுக்கன் கடைக்கு ஓடியது.

"வா தங்கச்சி, வா! அக்காவிடம் பேச வேண்டும், அவ்வளவுதானே? இனிமேல் அக்கா உன் பக்கத்திலேயே இருக்கிற மாதிரிதான்" என்றது தளுக்கன். "முதலில் கிளி ஒப்பந்தத்தைச் சொல்லும். நீ மூன்று முறை 'சரி' என்று சொல்லிவிட்டு இந்த ஈரக் களிமண்ணில் காலைப் பதித்துவிடு."

அந்தக் காட்டின் வழக்கம் அது. எழுத்தும் கிடையாது, ஓலையும் கிடையாது. கிளி சொல்லும், கேட்டவர் மூன்று 'சரி' சொல்வார், களிமண் பலகையில் கால்தடம் விழும். பலகை வெயிலில் காய்ந்துவிட்டால் பிறகு யாராலும் மாற்ற முடியாது.

கடையில் இருந்த கிளியின் பெயர் கடகடா. நாற்பது வரி ஒப்பந்தத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும்படி தளுக்கன் அதைப் பழக்கி வைத்திருந்தது. கிளி வாயைத் திறந்தது. பாறையில் புளியங்கொட்டையைக் கொட்டியது போல ஒரு சத்தம் வந்தது. கிளி வாயை மூடியது.

"என்ன சொன்னது?" என்றது வெடுக்கி.

"எல்லாம் வழக்கமாகச் சொல்வதுதான். நேற்று முள்ளம்பன்றி அண்ணன்கூட மறுபேச்சு இல்லாமல் தடம் வைத்தார். உனக்கு மட்டும் புரியவில்லையா?"

புரியவில்லை என்று சொல்ல வெடுக்கிக்கு வெட்கமாக இருந்தது. "சரி சரி சரி!" என்று மூன்றையும் ஒன்றாக உதறிவிட்டுக் களிமண்ணில் காலை அழுத்தியது.

அன்றே ஒரு மைனாவின் காதில் சொல்லி அனுப்பியது: "அக்கா! நான்கு குட்டி! மூன்று உன் ஜாடை!"

சாயங்காலம் மைனா திரும்பி வந்து, அலுங்காமல் குலுங்காமல் சொன்னது: "நீங்கள் தேடும் முயல் தற்போது எல்லைக்கு வெளியே உள்ளது. சிறிது நேரம் கழித்து முயற்சி செய்யவும்."

சிறிது நேரம் கழித்து முயற்சி செய்தது வெடுக்கி. மறுநாள் முயற்சி செய்தது. அடுத்த வாரமும் செய்தது. மைனா அதே பதிலைத்தான் சொன்னது. ஒருநாள் வெடுக்கி அதன் பின்னாலேயே ஓடிப் பார்த்தது. மைனா கரட்டின் அடிவாரம் வரை போனது; ஒரு கிளையில் உட்கார்ந்து இறகைக் கோதியது; அப்படியே திரும்பிவிட்டது.

"ஏன் தாண்டிப் போகவில்லை?" என்று கேட்டது வெடுக்கி.

"கரட்டு உச்சியில் கழுகு இருக்கிறது. அதைத் தாண்டி எங்களில் யாரும் போனதே இல்லை" என்றது மைனா.

வெடுக்கிக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்! மூன்று பௌர்ணமியாகப் பதினைந்து கிழங்கு கொடுத்தாயிற்று. ஒரு வார்த்தைகூட அக்காவுக்குப் போகவில்லை. அது விடுவிடுவென்று கடைக்குப் போனது.

"உங்கள் குறை எங்களுக்கு மிகவும் முக்கியம். வரிசையில் நில்லுங்கள்" என்றது தளுக்கன்.

"வரிசையில் நான் மட்டும்தானே இருக்கிறேன்!"

"அப்படியானால் நீங்கள்தான் முதலில். காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுத் தளுக்கன் ஒரு நண்டை நிதானமாகத் தின்று முடித்தது. பிறகு, "என்ன வேண்டும்?" என்று கேட்டது.

"எனக்கு உங்கள் தூதே வேண்டாம். நான் விலகிக்கொள்கிறேன்."

"தாராளமாக விலகு! இரண்டு வருட ஒப்பந்தம். நடுவில் விலகினால் நூறு கிழங்கு. கொடுக்காவிட்டால் உன் வளை எனக்கு. நீயே மூன்று 'சரி' சொன்னாயே, மறந்துவிட்டாயா?"

வெடுக்கி மனசுக்குள் கணக்குப் போட்டது. அதன் வளையில் சரியாக நூறு கிழங்குதான் இருந்தது. மழைக்காலம் முழுக்க நான்கு குட்டிகளுக்கும் அதுதான் சாப்பாடு. அதைக் கொடுத்தால் குட்டிகள் பட்டினி. கொடுக்காவிட்டால் வீடே போச்சு. விலகாமல் இருந்தாலோ, பௌர்ணமிக்கு ஐந்து ஐந்தாகக் கரைந்துகொண்டே இருக்கும்.

முதலில் வெடுக்கி ஒரு புதருக்குப் பின்னால் போய் நன்றாக அழுதது. அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தது. 'நூறு கிழங்கு என்று கிளி சொன்னது எனக்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் எனக்குத் தெரியாமல் கிளி இன்னும் என்னென்ன சொல்லியிருக்கும்?'

மதியம் தளுக்கன் தூங்கும் நேரம். வெடுக்கி கிளியிடம் போனது. "கடகடா, அந்த ஒப்பந்தத்தை இன்னொரு முறை சொல்கிறாயா? மெதுவாக."

கிளிக்கு மூக்கு இன்னும் சிவந்துவிட்டது. "இன்னொரு முறையா? நிஜமாகவா? எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா! ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, மறுபடி சொல் என்று கேட்டதில்லை. நாற்பது வரியையும் ஓர் எழுத்து பிசகாமல் மனப்பாடம் செய்தவள் நான். உட்கார், உட்கார்!"

வெடுக்கி உட்கார்ந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்தது. இரண்டு காதையும் நிமிர்த்தி வைத்துக்கொண்டது.

கிளி மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனது. மைனாவுக்குத் தொண்டை கட்டினால் கடை பொறுப்பல்ல. கரட்டுக்கு அப்பால் சேதி போகாவிட்டாலும் கடை பொறுப்பல்ல. மழை, காற்று, பூனை, எதற்கும் கடை பொறுப்பல்ல. வெடுக்கிக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தேழாவது வரியில் அதன் காது இரண்டும் துடித்தன.

"கடைக்காரர் கட்டணத்தைக் கூட்டினால், அந்தச் சேதியைக் கேட்ட ஏழு நாளுக்குள் கிளியின் முன் வந்து 'வேண்டாம்' என்று சொல்பவர், ஒன்றும் கொடுக்காமல் விலகிக்கொள்ளலாம். கூட்டிய பிறகு குறைத்தாலும் இது செல்லும்."

"நில், நில்! இதைத் தளுக்கனா சேர்த்தது?"

"அதுவா சேர்க்கும்! கடை போட இடம் கேட்டு யானைத் தலைவர் முன்னால் நின்றதே, அப்போது அவர் சேர்த்த வரி. தளுக்கனும் மூன்று 'சரி' சொல்லித் தடம் வைத்தது. ஆனால் அந்த நேரம் ஓடையில் ஒரு கொழுத்த நண்டு போய்க்கொண்டிருந்தது. தளுக்கனின் கண்ணும் மனசும் அதன் மேல்தான். அதற்குப் பிறகும் நான் சொல்லும் வேகத்தைத்தான் பார்த்ததே தவிர, வரிகளைக் காதில் வாங்கியதே இல்லை."

வெடுக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கட்டணத்தைத் தளுக்கன் இன்னும் கூட்டவில்லையே! அது எப்போது கூட்டுவது, வெடுக்கி எப்போது விலகுவது? மழையோ இதோ அதோ என்று இருக்கிறது.

மறுநாள் காலை வெடுக்கி மறுபடியும் கடைக்குப் போனது. இந்தத் தடவை வெடுக்கென்று பேசவில்லை. நிறுத்தி நிதானமாகப் பேசியது.

"நேற்று கோபத்தில் கத்திவிட்டேன், அண்ணே. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். உங்கள் மைனா இருமலைக்கூட என்னைப் போலவே இருமுகிறது. இதற்கெல்லாம் வெறும் ஐந்து கிழங்குதான் வாங்குகிறீர்கள்!"

தளுக்கன் மீசையை நீவிக்கொண்டது. "அப்போ விலகப் போவதில்லையா?"

"நூறு கிழங்கை எண்ணி வைத்துவிட்டு யாரால் விலக முடியும்? நான் மட்டுமா? முள்ளம்பன்றி அண்ணனால் முடியுமா? காட்டுக்கோழியால் முடியுமா? இந்தக் காட்டில் எல்லாருமே உங்கள் கைக்குள்தான் இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வெடுக்கி கிளம்பிவிட்டது.

தளுக்கன் அங்கேயே உட்கார்ந்திருந்தது. நண்டு ஒன்று காலுக்குக் கீழேயே ஓடியது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. 'ஒருத்தராலும் விலக முடியாது. விலகவே முடியாதவர்களிடம் நான் ஏன் ஐந்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்?'

மத்தியானத்துக்குள் முப்பது மைனாக்களும் காடெங்கும் பறந்து, தளுக்கனின் குரலிலேயே அறிவித்தன: "மகிழ்ச்சியான சேதி! உங்கள் நன்மைக்காக இந்தப் பௌர்ணமி முதல் கட்டணம் எட்டுக் கிழங்கு!"

காடே வாயில் வந்தபடி திட்டியது. வெடுக்கி மட்டும் நான்கு குட்டிகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒரு குதியாட்டம் போட்டது. பிறகு வளை வளையாக, பொந்து பொந்தாகப் போய் முப்பத்தேழாவது வரியை எல்லாருக்கும் சொன்னது.

மறுநாள் விடிந்ததும் கடை வாசலில் கூட்டம். அத்தனை பேரையும் பார்த்துத் தளுக்கனுக்கு வாயெல்லாம் பல். "அடடா, எட்டு எட்டாகக் கட்ட இவ்வளவு அவசரமா!"

வெடுக்கி முன்னால் வந்தது. கிளியைப் பார்த்துத் தெளிவாக, "எனக்கு வேண்டாம்" என்றது.

"வேண்டாமா? எடு நூறு கிழங்கை!"

"கடகடா," என்றது வெடுக்கி, "முப்பத்தேழாவது வரி. மெதுவாக."

கிளி தொண்டையைச் செருமிக்கொண்டது. ஒவ்வொரு சொல்லாக, கூட்டத்தின் கடைசியில் நின்ற ஆமைக்கும் கேட்கும்படி சொன்னது. தளுக்கனின் வாய் மெல்ல மெல்லத் திறந்தது.

"இதற்கு நான் எப்போது ஒப்புக்கொண்டேன்?"

கிளி உள்ளே போய் ஒரு பழைய களிமண் பலகையை அலகால் இழுத்து வந்து போட்டது. அதில் அச்சு அசலாக ஒரு நரியின் கால்தடம் இருந்தது.

"நான்... நான் அப்போது சரியாகக் கேட்கவில்லை!"

"நாங்களும்தான் கேட்கவில்லை" என்றது முள்ளம்பன்றி.

"சரி, சரி, ஐந்தே போதும்! இல்லை, நான்கு! மூன்று!" என்று தளுக்கன் கூவியது.

"கூட்டிய பிறகு குறைத்தாலும் இது செல்லும்" என்றது கிளி. அந்த அரை வரியைச் சொல்ல அதற்கு அவ்வளவு சந்தோஷம்!

"எனக்கு வேண்டாம்" என்றது முள்ளம்பன்றி. "எனக்கும் வேண்டாம்" என்றது காட்டுக்கோழி. கடைசியாக ஆமை வந்து சேர்ந்து 'வேண்டாம்' சொல்லி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஒரு கிழங்குகூடக் கைமாறவில்லை. வெடுக்கி தன் கால்தடப் பலகையை ஓடையில் போட்டது. அது கரைந்து போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பியது.

மறுநாளே நான்கு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு, கழுகின் கண்ணில் படாமல் புதருக்குப் புதர் தாவி, கரட்டைச் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. முழுசாக அரை நாள்கூட ஆகவில்லை.

"அடிப்பாவி! நான்கு குட்டி பெற்றிருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதா?" என்று அக்கா கட்டிக்கொண்டது.

"மூன்று பௌர்ணமியாகச் சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன், அக்கா" என்று வெடுக்கி சிரித்தது. சிரிக்கும்போதே அழுதும் விட்டது.

மழைக்காலம் வந்தது. நூறு கிழங்கும் வளைக்குள் பத்திரமாக இருந்தன. குட்டிகள் தின்று தின்று பந்து மாதிரி உருண்டன.

மழை விட்டதும் வேலை இல்லாமல் திரிந்த மைனாக்கள் தாங்களே ஒரு தூதுக் கடை திறந்தன. "முதல் பௌர்ணமி இலவசம்! கரட்டைச் சுற்றியும் போவோம்! வாருங்கள், வாருங்கள்!"

இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் வெடுக்கி நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. "சரி, சரி..." என்று இரண்டு முறை சொல்லியும்விட்டது. மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்தபோது, அங்கேயும் ஒப்பந்தம் சொல்லக் கிளையில் உட்கார்ந்திருந்த கடகடாவின் மேல் அதன் கண் பட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தது.

"முதல் வரியிலிருந்து சொல், கடகடா. மெதுவாக" என்றது.

நீதி: 'சரி' சொல்லும் முன் முழுவதையும் கேள், கேட்காமல் சொல்லி மாட்டிக்கொண்டால், அழுது முடித்ததும் திரும்பக் கேள்.