பூத்த கம்பு

முதலில் வஞ்சித்தவன் சங்கிலிமுத்துதான். கூடப்பிறந்த அண்ணனின் வரப்புக் கல்லைப் பிடுங்கி இரண்டு முழம் தள்ளி நட்டான். ‘தப்புதான்’ என்ற ஒரு சொல்லுக்குக்கூட இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அண்ணன் ஒச்சப்பன் குன்றடி மடத்துக்கு வந்து சீடனாகிப் பன்னிரண்டு வருஷம். மடத்துச் சாமி அவனைவிட வயதில் இளையவர். அவனைப் ‘பெரியவரே’ என்றுதான் கூப்பிடுவார்.

இந்த வருஷம் மடத்துக் கம்பு பூக்கிற நேரத்தில் அடைமழை. சீக்குப் பிடித்த கதிர்களில் தேன் போல வடிந்தது. மணி பிடிக்க வேண்டிய இடத்தில் எலிப்புழுக்கை போலக் கறுப்பாகப் பூசணம் முளைத்தது. தின்றால் ஆளைச் சாய்த்துவிடும். எரிக்கச் சொன்னார் சாமி. ஒச்சப்பன் ஒரு மூட்டையை மட்டும் எரிக்காமல் தலைக்கு வைத்துப் படுத்தான்.

இன்று காலை சங்கிலிமுத்துவின் பெண்டாட்டி மடத்துக்குத் தானியம் கேட்டு வந்தாள். “பேரப்பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சணும், பெரியத்தான்.”

அந்த மூட்டையிலிருந்துதான் அளந்து போட்டான்.

அவள் தலை மறைந்ததும் சாமியைத் தேடிப் போனான். சாமி தும்பை பறித்துக்கொண்டிருந்தார்.

“சாமி, பூவுக்கும் பூசணத்துக்கும் என்ன பேதம்?”

“திடீர்னு என்ன?”

“தும்பையிலும் தேன் இருக்கு. சீக்குக் கம்பிலும் தேன் வடியுது. ரெண்டுலயும் ஈ மொய்க்குது. பூசணத்தையும் பூத்திருக்குன்னுதானே சொல்றோம்?”

சாமி ஒரு பூவைக் கிள்ளி உறிஞ்சினார். “இது எதைத் தின்னு பூத்துச்சு?”

“மண்ணைத்தான். வேர் இருக்கே.”

“கம்புல பூத்தது?”

“அதுக்கு ஏது வேர்? கம்பையே தின்னுல்ல பூக்குது.”

“எத்தனை நாளா?”

“பன்னிரண்டு வருஷமா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

சாமி கூடையைக் கீழே வைத்தார். காலையில் அவன் தானியம் அளந்ததை அவர் தூரத்திலிருந்து பார்த்திருந்தார். “யாருக்கு அளந்தீங்க?”

“தம்பி வீட்டுக்கு. பிள்ளைங்க...”

சாமி உப்புச் சட்டியை எடுத்து அவன் கையில் திணித்தார். “உப்புத் தண்ணியில கெட்டது மிதக்கும். ஓடுங்க.”

“அவன் வாசலை நான் மிதிக்கவா?”

“உலை கொதிக்கிறதுக்குள்ள.”

ஓடினான். உரலில் கம்பு கிடந்தது, தம்பி பெண்டாட்டி உலக்கையை ஓங்கியிருந்தாள். அதைப் பிடுங்கி எறிந்தான். அண்டாத் தண்ணீரில் உப்பைக் கரைத்துக் கம்பைக் கொட்டினான். அண்டா வாய் நிறையக் கறுப்பு மிதந்தது.

சங்கிலிமுத்து அதைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான்.

ஒச்சப்பன் மிதந்த அத்தனையையும் அள்ளி வாசல் அடுப்பில் போட்டுவிட்டு மடத்துக்குத் திரும்பினான்.

“பிள்ளைங்க வாயில படலை, சாமி. ஆனா அவன் அந்த ஒரு சொல்லை இன்னைக்கும் சொல்லலை. கல்லும் நட்ட இடத்துலயேதான் நிக்குது.”

“மிச்ச மூட்டை?”

“தலைமாட்டுல இருக்கு.”

சாமி தும்பைக் கூடையை எடுத்துக்கொண்டார்.

“அதுல தலை வச்சா தூக்கம் வருதா, பெரியவரே?”