கஜபதி வளர்த்த எறும்புகள்

“ஒரு எறும்புக்குக்கூட என்னைத் தெரியலைங்கம்மா” என்றார் கஜபதி.

பூரணியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யோசனை கேட்டு வந்திருக்கும் சீடருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. குருவுக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனாலும் மனசு சரியில்லை என்றால் தெருவே அவளிடம்தான் வரும். வந்து, அம்மா என்றுதான் கூப்பிடும்.

போன புரட்டாசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், கஜபதி வேறொரு வழக்கோடு வந்திருந்தார். மனைவி காலமாகிவிட்டாள். பிள்ளை கனடாவில்.

“மாடி வீட்ல தனியாக் கிடக்கேன். ஏன்னு கேக்க நாதியில்லை. பேசாம முதியோர் இல்லத்துல சேந்துடட்டுமா?”

வாசல் ஈரத்தில் ஒரு பெரிய எறும்பு இறகை உதிர்த்துவிட்டுத் திண்டாடிக்கொண்டிருந்தது. அம்மா அதைக் காகிதத்தில் ஏந்தி, காலி மருந்துக் குப்பியில் விட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

“ராணி எறும்பு. ஒரு வருஷம் காப்பாத்துங்க. அப்புறம் கேளுங்க.”

பெயர் கஜபதி, வளர்ப்பது எறும்பா என்று தெரு சிரித்தது. மனுஷர் அசரவில்லை.

ஐப்பசி மழை முழுக்கக் ராணிக்கு இருட்டாக இருக்கட்டும் என்று குப்பியைச் சிவப்புத் தாளால் மூடிவிட்டு, எட்டிப் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கார்த்திகையில் ராணி இட்ட முட்டைகளிலிருந்து முதல் எறும்புகள் வெளியே வந்தபோது அழுதே விட்டார். மார்கழிக் குளிரில் அவை அசையாமல் கிடக்க, இவருக்குச் சோறு இறங்கவில்லை.

தை பிறந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குக் குடி மாற்றினார். ஊரெல்லாம் எறும்பு ஏறாமலிருக்கச் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும். இவர் எறும்பு இறங்காமலிருக்க எறும்புப் பெட்டியையே தண்ணீர்த் தட்டில் வைத்தார்.

சீனிப்பாகு, செத்த கொசு, அவித்த முட்டையில் ஒரு துணுக்கு. கத்திரி வெயிலில் பெட்டிக்குள் அவை தண்ணீர் குடிக்கும் பஞ்சு காய்ந்துவிடாமல் சொட்டுச் சொட்டாக நனைத்தார்.

இப்போது பெட்டி கொள்ளாத கூட்டம்.

“கல்யாணம் காட்சின்னு போனாக்கூடத் தங்குறதில்லைம்மா, அதுங்களுக்குத் தண்ணி விடணுமேன்னு. ஒண்ணாவது நிமிந்து பாக்கணுமே! விரலை வெச்சா கடிக்குது.”

அம்மா சிரித்துவிட்டாள். “தண்ணி எங்கேருந்து வருதுன்னு அதுங்க நினைச்சுக்கும்?”

“எங்க நினைக்குது! பஞ்சுன்னா தண்ணி இருக்கும், அவ்வளவுதான். அது பாட்டுக்குக் குடிச்சிட்டுப் போகுது.”

“பாவம், அதுங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நன்றி கெட்டதுங்க. அதை விடுங்க. நீங்க சொன்ன வருஷம் முடிஞ்சுது. இல்லத்துல இடம் இருக்காம், நாளைக்குள்ள பதில் சொல்லணும். எனக்குன்னு யாருமில்லாத வீட்ல நான் எதுக்கும்மா இருக்கணும்?”

அம்மா கீரையைத் தட்டில் ஒதுக்கினாள்.

“உங்க மாடியில குழாயைத் திறந்தா தண்ணி வருதாய்யா?”

“வருமே. டேங்க்ல இருக்கு.”

“மோட்டார் யாரு போடுறாங்க?”



மறுநாள் விடியும்போதே கஜபதி மாடிப்படியில் இறங்கி நின்றார்.

கீழ் வீட்டு ரெஜினா கொண்டையைச் செருகிக்கொண்டே வந்தாள். கேட்டை ஓங்கிச் சாத்துகிறாள் என்று கஜபதி வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்த பெண். மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு, டேங்க் நிரம்பி வழியும்வரை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். நிறுத்திவிட்டுத் திரும்பியபோதுதான் படியில் நின்றவரைக் கண்டாள். பதறிப்போனாள்.

“என்ன சார், மேல தண்ணி வரலையா?”



“வருதும்மா” என்றார். “இத்தனை வருஷமா வந்துக்கிட்டேதான் இருந்திருக்கு.”