இடிமாறனின் கடைசிப் பக்கம்

தெய்வசிகாமணிக்கு வயது நாற்பத்தாறு. அவருடைய குரு அஞ்சுகத்துக்கு முப்பத்தெட்டு. எடிட்டிங் அறையில் வயதை யார் பார்க்கிறார்கள்? நான்கு வருடம் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொண்டார் சிகாமணி. அதற்கு முன் இருபது வருடம் சித்திரக்கதை வரைந்தவர். அவர் உருவாக்கிய நாயகன் இடிமாறன். இப்போது அவனையே படமாக எடுத்து முடித்திருந்தார்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் படம் வெளியீட்டுக்காகக் கையை விட்டுப் போய்விடும். அதன்பிறகு ஒரு காட்சியைக்கூட மாற்ற முடியாது. காலையில் குருவுக்குப் போட்டுக் காட்ட வடபழனியில் ஒரு சின்னத் தியேட்டரைப் பிடித்தார். அவர் ஏதாவது நொட்டை சொல்வார் என்று தெரியும். அதனால் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்தும் இட்லிக் கடையிலிருந்தும் நாற்பது பேரைச் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார்.

திரையில் கடல் எழுந்து நின்றது. இடிமாறன் அதைக் கிழித்துக்கொண்டு பறந்தான். விசில் காதைப் பிளந்தது.

சிகாமணி குருவின் பக்கம் சாய்ந்தார். "கதை கதைன்னு நாலு வருஷமா என் உயிரை வாங்குனீங்களே மேடம். கேளுங்க இந்த விசிலை. கண்ணு நிறைஞ்சா போதாதா?"

இடிமாறனும் வில்லனும் கோபுர உச்சியில் மோதத் தொடங்கியதும் அஞ்சுகம் எழுந்து ஆபரேட்டர் ரூமுக்குப் போனார்.

படம் நின்றது. விளக்கு எரிந்தது.

சிகாமணிக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் எழவில்லை. நம் ஊர்த் தியேட்டரில் படம் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? கூரை பிய்ந்துவிடும். ஆபரேட்டரின் பரம்பரையையே இழுப்பார்கள். குரு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒருவர் போனை எடுத்தார். இரண்டு பெண்கள் இன்றைக்குத் தண்ணீர் லாரி வருமா என்று பேசிக்கொண்டார்கள். மீசைக்கார டிரைவர் ஒருவர் எழுந்து வந்து சிகாமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மிரட்டிட்டீங்க சார். சூப்பர் படம்."

"இன்னும் முடியலைங்க."

"அப்படியா? பரவால்ல சார், சவாரி இருக்கு."

திரும்பி வந்த குருவின் மேல் சிகாமணி எரிந்து விழுந்தார். "வேணும்னேதானே நிறுத்துனீங்க? ஒரு ஃபிரேம்கூட மாத்த மாட்டேன் மேடம். அஞ்சு மணிக்கு அனுப்பத்தான் போறேன். யார் தடுக்கிறாங்கன்னு பாத்துடறேன்."

அஞ்சுகம் கைப்பையைத் திறந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார். இடிமாறன், முதல் இதழ். சாணித்தாள், கறுப்பு மை, கோணல் அச்சு. கடைசிப் பக்கம் கிழிந்திருந்தது.

"பழைய பேப்பர் கடையில எடுத்தேன். பதினோரு வருஷம் ஆச்சு. ரத்தம் ஒழுக ஒழுக வந்து அம்மா வீட்டுக் கதவைத் தட்டுறான். அதோட கிழிஞ்சிருக்கு. அவங்க கதவைத் திறந்தாங்களா சார்?"

சிகாமணி புத்தகத்தை வாங்கிக் கிழிந்த ஓரத்தைத் தடவினார்.

"நாலு வருஷம் பக்கத்துலதானே இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம்."

"படமா எடுக்கப் போறேன்னு சொன்னீங்க. அதுல வரும்னு இருந்துட்டேன்" என்றார் அஞ்சுகம். "பாக்கி இருக்கிற பத்து நிமிஷத்துல வருதுங்களா?"