சுவரைப் பார்த்து நின்ற ஃபேன்

செய்யாறில் மாசிலாமணி என்று ஒரு ஓவர்சீயர் இருந்தார். உத்தியோகம் ஓய்ந்தும் அதிகாரம் ஓயாத மனுஷன். சித்திரை வெயிலில் அவர் வீட்டுப் பழைய டேபிள் ஃபேன் நின்றுபோக, யாரையும் கூப்பிடாமல் தானே கழற்றி வயரை மாற்றி மாட்டினார். றெக்கை என்னமோ விர்ரென்று சுற்றியது. காற்றுதான் வரவில்லை.

சம்பந்தி வருகிற நேரம் வேறு. வேர்க்க வேர்க்க வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தவர், வீடு பெருக்க வந்த பவுனைப் பிடித்துக்கொண்டார்.

"துடைக்கிறேன்னு நீதான் இதைக் கெடுத்துட்ட. நான் மாட்டினதுல ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாம காத்து வர வை. இல்லன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

அந்த வேலை போனால் பவுனு வீட்டில் அடுப்பு எரியாது. அவள் ஃபேனைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் போனதும் முந்தானை படபடத்தது. ஃபேனைத் தூக்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். காற்று ஓவர்சீயர் நெஞ்சில் வந்து மோதியது.

அதற்குள் சம்பந்தி உள்ளே வந்துவிட்டார். "என்ன சம்பந்தி, ஃபேன் சுவரைப் பாத்துக்கிட்டு நிக்குது?"

ஓவர்சீயர் பவுனை முறைத்தார்.

"ஐயா கையால மாட்டின வயருங்க, அதுல தப்பு வருமா? ஃபேனுக்குத்தான் எது முகம், எது முதுகுன்னு தெரியலை" என்றாள் அவள்.

சம்பந்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மோட்டார் வயரை இடம் மாத்திக் குடுத்தா றெக்கை எதிர்ப்பக்கமாத்தான் சுத்தும், ஓவர்சீயரே."

ஓவர்சீயர் ஸ்க்ரூடிரைவரோடு ஃபேனுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார்.

"பவுனு, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துடு" என்றார், தலையை நிமிர்த்தாமல்.