குறட்டையா, குயிலா?

முன்னொரு காலத்தில் ஜெர்மனியில் ஒரு சிற்றரசரின் சபையில், தலைமை வித்வான் ஹார்ட்விக் சொனாட்டா என்னும் புதிய புல்லாங்குழல் இசைக்கோவை ஒன்றை வாசித்தார். சபையே சொக்கிப்போனது.

"பிரபு, அது நான் இயற்றியது! நான் வாசித்ததை ஒட்டுக்கேட்டுத் தனதாக்கிக்கொண்டார்," என்றாள், அரண்மனைப் பொய்முடிகளுக்குப் பவுடர் பூசும் ஓட்டீலி.

"பொய்! இயற்றியவன் நானே," என்று சீறினார் ஹார்ட்விக்.

"நிரூபி, பெண்ணே. இல்லாவிட்டால் இன்றே அரண்மனையை விட்டுப் போ," என்றார் அரசர்.

ஓட்டீலி பணிவாகக் குனிந்தாள். "சரி பிரபு, அவருடையதாகவே இருக்கட்டும். நடுவில் ஓரிடத்தில் விட்டு விட்டு ஊதினாரே, அது தங்கள் குறட்டையைக் கேலி செய்வது. அந்தப் பெருமையும் அவருக்கே சேரட்டும்."

ஹார்ட்விக் அவசரமாக முன்னே வந்தார். "ஐயோ பிரபு, சத்தியமாக நான் இயற்றவில்லை! எல்லாம் இவள் செய்தது!"

அரசர் அவளை முறைத்தார். "என் குறட்டையா?"

"இல்லை பிரபு, அது தோட்டத்துக் குயில். அதை இசையாக்கியது யார் என்பதை அவரே சொல்லிவிட்டாரே!"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஹார்ட்விக்கின் கையிலிருந்த குழலை வாங்கி அவளிடம் நீட்டினார். "இனி நீயே வாசி."